மாரடைப்பும் தற்காலிகத் துடிப்பூக்கியும்: துணையும் இடரும்

மருந்து நோய்க்குப் பகையாயினும், அதன் அளவும் காலமும் இடமும் பிழைக்குமாயின் அது நோயாளிக்கே பகையாய் முடியும். இவ்வுண்மைக்கு இக்கால மருத்துவத்தினின்றும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக எனின், மாரடைப்புற்றோர்க்குச் சின்னாட்களுக்கு மாத்திரம் பொருத்தப்படும் தற்காலிகத் துடிப்பூக்கியைத் தயங்காது கூறலாம். பேஸ்மேக்கர் என யாவரும் வழங்குங் கருவியின் ஒருவகை இது. நின்றுபோகும் இதயத்தைத் துடிக்கச் செய்யும் அதே கம்பி, ஒரோவழி நன்கு துடிக்கும் இதயத்தை நிறுத்திவிடுதலும் உண்டு. எவ்வாறு இவ்விரண்டும் ஒரு பொருளின்கண் அமைந்தன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவப் பொருள்பற்றி மொழியாசிரியராகிய யாம் எழுதப் புகுந்தது ஏன் என வினவுவாரும் உளராகலாம். எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று அறுபதாண்டைக் கடந்தவர். மாரடைப்பு வரத்தக்க பருவத்தினர். இளைய மாணவரோ அத்தகையோரின் மக்களும் பேரரும் ஆவர். நள்ளிரவில் வைத்தியசாலையில், “அப்பாவின் இதயத்துக்குள் ஒரு கம்பி செலுத்தவேண்டும்; இதனால் இன்னின்ன தீங்குகளும் நேரலாம்; ஒப்பமிடுக” என ஒரு தாளை நீட்டும்போது, அதில் ஒப்பமிடுபவர் மருத்துவ நூல் கற்றவரல்லர்; மனைவியோ, மகனோ, மகளோ ஆவர். அவர் பொருளுணர்ந்து ஒப்பமிடவேண்டுமாயின், அப்பொருள் அவர்தம் மொழியில் முன்னரே சொல்லப்பட்டிருத்தல் வேண்டும். அதனைச் செய்வது மொழியாசிரியர்க்கும் உரிய கடனேயாம்.

இதயத்தின் மணியொழுங்கு

நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஓரிலக்கம் முறைக்குமேல் துடிக்கின்றது. இத்துடிப்பை மூளை எழுப்புவதன்று, இதயமே எழுப்புகின்றது. வலச் சோணையறையின் மேற்பகுதியில் குடாச்சோணைக் கணு என ஒன்றுண்டு. நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை மின்னசைவை எழுப்புவது அதன் தொழில். அவ்வசைவு சோணையறைகளிற் பரவி, நடுவேயுள்ள சோணையிதயவறைக் கணுவை அடைந்து, அங்கே நொடியின் பத்திலொரு பங்களவு தாமதித்து, பின் ஹிசுவின் கட்டு என்னும் நார்வழியாக இறங்கி, இரு கிளைகளாகப் பிரிந்து, கீழுள்ள இதயவறைகளைச் சுருங்கச் செய்கின்றது. இந்நார்க்கட்டினை சுவிற்சர்லாந்திற் பிறந்தவராகிய வில்ஹெல்ம் ஹிசு என்பார் 1893இல் விளக்கினார். நடுக்கணுவினை யப்பானியராகிய சுனாவோ தவாரா என்பார் 1906இலும், மேற்கணுவினை பிரித்தானியராகிய ஆதர் கீத்து, மாட்டின் பிளாக்கு என்போர் 1907இலும் வெளியிட்டனர்.

கல்லூரியில் அதிபரின் கட்டளைப்படி மணி அடிக்கப்படுகின்றது. அவர் வாராத நாளில் உபஅதிபர் அப்பணியை ஏற்பார்; அவரும் இல்லையெனில் மூத்த ஆசிரியர் ஒருவர் ஏற்பார். மணி அடிபடும், ஆனால் முன்போல் நேரத்துக்கு அடிபடாது. இதயத்திலும் இவ்வாறே. மேற்கணு ஓய்ந்தால் நடுக்கணுப் பகுதி நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிப்பை எழுப்பும். அதுவும் இயலாதாயின் இதயவறைத் தசையே 20 முதல் 40 வரை எழுப்பும். இக்கடைசித் துணை நம்பத்தக்கதன்று; எக்கணத்தும் நின்றுவிடலாம். மூளைக்குக் குருதி போதாமையால் நோயாளி மயங்கி வீழ்வதும் இந்நிலையிலேயாம்.

மாரடைப்பில் துடிப்புக் குறைதல் ஏன்?

இதயத்தசைக்குக் குருதி கொணரும் முடியுருநாடிகளுள் ஒன்று, குருதிக்கட்டியால் அடைபடுதலே மாரடைப்பு. தசை பசியால் வாடுவதுபோல மின்வழியும் வாடுகின்றது. எந்நாடி அடைபட்டது என்பதைப் பொறுத்து விளைவு வேறுபடும். பின்வரும் பொருளனைத்துக்கும் அடிப்படை இவ்வேறுபாடேயாதலின், இதனைச் சற்றே விரித்துரைப்பாம்.

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பதின்மர்க்கு நடுக்கணுவை ஊட்டுவது வலமுடியுருநாடியாகும். இந்நாடி அடைபட்டால் இதயத்தின் கீழ்ச்சுவர் தாக்குறும். நடுக்கணு மயங்கும், ஆனால் பெரும்பாலும் இறவாது. துணைத்துடிப்பு ஓரளவு விரைவாகவே எழும். அற்றோபின் என்னும் மருந்துக்கு இம்மயக்கம் பலகாலும் இணங்கும். சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ தானே தெளியும்.

இடமுடியுருநாடியின் முன்னிறங்கு கிளை அடைபடின் நிலைமை வேறு. முன்சுவரும் இதயவறைகளின் இடைச்சுவரும் ஒருங்கே அழிகின்றன. அவ்விடைச்சுவரின் வழியே இறங்கும் நார்க்கிளைகளும் உடன் அழிகின்றன. எஞ்சும் துணைத்துடிப்பு மிக மெதுவானது, நிலையற்றது. இவ்வகையில் மின்வழி அறுந்தது என்பது பெரும்பரப்பில் தசை அழிந்தது என்பதற்கு அடையாளமாகும். துடிப்பூக்கி துடிப்பைத் தரும். இழந்த தசையைத் தராது. கம்பி செம்மையாய் வேலைசெய்தும் நோயாளி பிழையாமற்போதல் இதனாலேயாம். இதனை அறியாத உறவினர், கம்பியையும் அதனைச் செலுத்தியவரையும் பழித்தல் எங்கும் காணப்படுவது.

கருவி வந்த வரலாறு

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து மருத்துவராகிய போல் சோல் என்பார், 1952இல், நெஞ்சில் மின்முனைகளைப் பொருத்தி, நின்ற இதயத்தைப் புறத்திருந்தே துடிக்கச் செய்தார். உயிர் காத்ததாயினும், ஒவ்வொரு துடிப்புக்கும் நெஞ்சுத்தசை முழுவதும் அதிர்ந்து வலித்தமையால் நோயாளி பெரிதும் துன்புற்றார். 1958இல் நியூயோர்க்கு நகரத்து மொண்டிபியோர் வைத்தியசாலையில் செய்மோர் பேர்மன் என்னும் இளமருத்துவர், நாளத்தின் வழியே ஒரு கம்பியை இதயத்தின் உட்புறத்துக்குச் செலுத்தினார். இவ்வழியால் நோயாளி ஒருவர் 96 நாட்கள் துடிப்பூக்கப்பெற்றார். அதே 1958இல் சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரில் ஓகே சென்னிங் என்னும் சத்திரவைத்தியரும் ரூனே எல்ம்குவிஸ்ற் என்னும் பொறியியலாளரும் உடலினுள் முழுதும் பதிக்கப்படும் கருவியை முதன்முதல் அமைத்தனர். நிலையான துடிப்பூக்கிக்கு மூலம் சென்னிங் அமைத்தது. தற்காலிகத் துடிப்பூக்கிக்கு மூலம் பேர்மன் காட்டிய வழி.

இன்று கழுத்துநாளம், தொடைநாளம், காறையெலும்பின் கீழுள்ள நாளம் ஆகியவற்றுள் ஒன்றனை ஊசியாற் குத்தி, மெல்லிய கம்பியைச் செலுத்துவர். அது வலச் சோணையறையையும் மூவிதழ் வால்வையும் கடந்து, வல இதயவறையின் அடிமுனையிற் சென்று படியும். மறுமுனை வெளியே ஒரு சிறு பெட்டியுடன் இணைக்கப்படும். பெட்டியுள் பற்றரி, முகப்பில் மூன்று திருகுகள். ஒன்று நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதையும், மற்றொன்று மின்னோட்டத்தின் வலிமையையும், மூன்றாவது இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பெட்டி எத்துணை நுட்பமாய்க் கேட்கவேண்டும் என்பதையும் அளவிடும். இம்மூன்றனுள் மூன்றாவதே பொதுமக்கள் அறியாதது. ஆபத்துப் பெரிதும் பொதிந்ததும் அதுவே.

செலுத்தும்போது நேரும் இடர்கள்

முதலாவது, குத்தும் இடத்து நேர்வன. நாளத்தருகே நாடி ஓடுகின்றமையின் ஊசி நாடியிற் பாய்தல் கூடும். காறையெலும்பின் கீழ்க் குத்தும்போது நுரையீரல் துளைபட்டு நெஞ்சறையுட் காற்றுப் புகுதல் கூடும். மாரடைப்புற்றோர்க்கு இவ்விடர் மும்மடங்கு கவலைக்குரியது. ஏனெனில், அவர்க்கு ஸ்ரெப்ரோகைனேஸ், ரெனெக்ரெபிளேஸ் போன்ற குருதிக்கட்டி கரைக்கும் மருந்துகள் முன்னரே கொடுக்கப்பட்டிருக்கலாம். கட்டியைக் கரைக்கும் மருந்து, துளையை அடைக்கும் கட்டியையும் கரைக்குமன்றோ? காறையெலும்பின் கீழ்ப்பட்ட புண்ணை விரலால் அழுத்தி இரத்தம் நிறுத்துதல் இயலாது. ஆதலின், அத்தகையோர்க்கு அழுத்தத்தக்க தொடைநாளத்தையோ கழுத்துநாளத்தையோ தேர்வர். ஒலியலைக் கருவியால் நாளத்தைக் கண்டு குத்துதல் இக்காலத்துச் சிறந்த பாதுகாப்பு.

இரண்டாவது, கம்பி இதயவறையுள் நுழையுங்கால் நேர்வது. குருதி பெறாது வாடிய தசை எளிதிற் சினங்கொள்வது. கம்பிமுனை அதனைத் தொட்ட மாத்திரத்தே இதயவறை தாறுமாறாய் விரைந்து துடிக்கலாம். அது முற்றிக் குருதி செலுத்தாத வெறும் நடுக்கமாய் முடியவுங் கூடும். நலமுள்ள இதயத்தில் பெரும்பாலும் கம்பியைச் சற்றுப் பின்னிழுத்தலோடு அடங்குவது, மாரடைப்புற்ற இதயத்தில் உயிராபத்தாகலாம். இதனாலேயே மின்னதிர்ச்சி கொடுக்குங் கருவியை அருகே வைத்துக்கொண்டே இத்தொழிலைத் தொடங்குவர்.

மூன்றாவது, துளைபடுதல். வல இதயவறையின் சுவர் இடவறையின் சுவரினும் மெல்லியது. வலமுடியுருநாடி அடைபட்டோருள் சிலர்க்கு அச்சுவரே தாக்குண்டு மேலும் நெகிழ்ந்திருக்கும். கம்பிமுனை அதனைத் துளைத்து வெளிப்படின், இதயத்தைச் சுற்றிய பையுள் இரத்தம் நிறைந்து, இதயம் விரிய இடமின்றி நெருக்குண்ணும். இதற்குச் சில முன்னறிகுறிகள் உண்டு. முன்னர்ப் போதியதாயிருந்த மின்னளவு திடீரெனப் போதாதாகும். நெஞ்சில் புதிய வலி எழும். பிரிமென்றகடு துடிப்புக்குத் துடிப்பு அதிர்ந்து விக்கல் தோன்றும். இரத்த அழுத்தம் விழும். கம்பியிட்ட நோயாளிக்கு வரும் விக்கலை எளிதாய் எண்ணி நீர்கொடுத்து அடக்க முயல்வது தகாது. உடனே தாதியர்க்கு உரைக்கவேண்டும். சோதித்தபின் அது வேறு காரணத்தால் வந்ததென அறியின் நன்று.

பொருத்தியபின் நேரும் இடர்கள்

எல்லாவற்றினும் மிகுதியாய் நேர்வது கம்பி இடம்பெயர்தல். நிலையான துடிப்பூக்கியின் கம்பி காலப்போக்கில் தசையோடு இறுகப் பற்றும். தற்காலிகக் கம்பி வெறுமனே சாய்ந்து கிடப்பது. நோயாளி புரண்டு படுத்தாலும், தொடைநாளவழி இட்டவர் காலை மடக்கினாலும் முனை விலகலாம். அப்பொழுது பெட்டி மின்னசைவை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதயம் அதற்குப் பதில் இறுக்காது. பெட்டியின் விளக்கு மினுங்குகின்றது என்பது இதயம் துடிக்கின்றது என்பதற்குச் சான்றன்று. நாடியைத் தொட்டறிதலே சான்று.

இதனைத் தடுக்க, இதயம் பதிலிறுக்கும் மிகக் குறைந்த மின்னளவை நாள்தோறும் சோதிப்பர். கம்பியை இட்ட வேளையில் அவ்வளவு ஒரு மில்லியம்பியருக்குக் கீழே இருத்தல் நன்று. அதன் இருமடங்கு அல்லது மும்மடங்கிற் பெட்டியை அமைப்பர். 0.8 மில்லியம்பியர் போதுமாயின், 2 மில்லியம்பியர் அளவில் வைத்தல் முறையாகும். நாளுக்கு நாள் அத்தேவை ஏறுமாயின், கம்பி நகர்கின்றது அல்லது முனையடித் தசை வாடுகின்றது என்பது பொருள்.

அடுத்தது, கேட்டலிற் பிழை. பெட்டி இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கேட்டு, அஃது உள்ளபோது வாளாவிருத்தல் வேண்டும். கேளாத பெட்டி, இதயம் தானே துடித்துக்கொண்டிருக்கவும் இடையே மின்னசைவை வீசும். ஒவ்வொரு துடிப்பின் பின்னும் தசை மீள ஆயத்தமாகும் ஒரு குறுகிய வேளை உண்டு, ஈ.சி.ஜி. படத்தில் அது ரீ அலை எனப்படும். அவ்வேளையிற் புறமின்னசைவு வீழின், வாடிய இதயம் நடுக்கத்துட் புகுந்து நின்றுவிடலாம். காக்கவந்த கருவி கொல்லும் நெறி இதுவே. மற்று, வேண்டாததையும் கேட்கும் பெட்டி, நெஞ்சுத்தசையின் அசைவையோ தளர்ந்த இணைப்பின் இரைச்சலையோ இதயத்துடிப்பென மயங்கி, பேசவேண்டிய வேளையில் மௌனஞ் சாதிக்கும். தன் துடிப்பற்ற நோயாளிக்கு அம்மௌனம் மரணமாம்.

மூன்றாவது, ஒத்திசைவு கெடுதல். கம்பி இதயவறையை மாத்திரமே தூண்டுவது. மேலறை சுருங்கிக் கீழறையை நிரப்ப, அதன்பின் கீழறை சுருங்குதலே இயற்கை முறை. இவ்வொழுங்கு குலையின் ஒவ்வொரு துடிப்பும் வெளியேற்றும் குருதி குறையும். வல இதயவறை தாக்குண்டவர்க்கு இக்குறைவு பெரிது. துடிப்பு எண்ணிக்கையில் ஏறியும் இரத்த அழுத்தம் இறங்குவதைக் காணலாம். அத்தகையோர்க்குச் சோணையறைக்கும் ஒரு கம்பி இடவேண்டி நேரும். வேண்டுமளவுக்குமேல் விரைவாய்த் துடிக்கச் செய்தலும் தீதே. பசித்த தசைக்கு மேலும் வேலை சுமத்துதல் அது.

நான்காவது, தொற்று. தோலைத் துளைத்து நிற்குங் கம்பி, கிருமிக்கு இட்ட பாலமாகும். நாட்கள் ஏற ஏற இவ்விடரும் ஏறும். காய்ச்சல் வரின் கம்பியையே முதலில் ஐயுறுதல் வேண்டும். பின்னர் நிலையான துடிப்பூக்கி வைக்கவேண்டி நேரின், முன்னர்த் தற்காலிகக் கம்பி இருந்தமை அப்புதிய கருவியிலும் தொற்றுக்கு ஏதுவாகலாம். தொடைநாளவழிக் கம்பியால் அந்நாளத்திற் குருதி உறைந்து கட்டி தோன்றுதலும், அக்கட்டி நுரையீரலுக்குச் செல்லுதலும் உண்டு.

ஐந்தாவது, சார்ந்திருத்தல். சில மணித்தியாலம் பெட்டியால் துடித்த இதயம் தன் துணைத்துடிப்பை அடக்கிக்கொள்ளும். பெட்டி சடுதியாய் நின்றால் முன்பிருந்த 35 துடிப்புங்கூட உடனே எழாது. பற்றரி ஓய்தலும் இணைப்புக் கழறலும் இதனாற் பேராபத்தாகின்றன. வேகத்தைச் சிறிது சிறிதாய்க் குறைத்தே சொந்தத் துடிப்பைச் சோதிப்பர்.

இறுதியாக, நுண்மின்னோட்டம். தோல் மின்னை ஓரளவு தடுக்கும் கவசம். இதயத்துட் செல்லும் கம்பி அக்கவசத்தைக் கடந்து நிற்பது. தோலின்மேற் பட்டால் உணரவும் இயலாத, ஒரு மில்லியம்பியரின் பத்திலொரு பங்களவான மின்னோட்டமும், கம்பிவழி நேரே சென்றால் இதயத்தை நடுங்கச் செய்யப் போதும். ஆகவே கம்பியின் வெறுமுனையைக் கையுறையின்றித் தொடுதல் தகாது.

இக்கால நெறி

இத்துணை இடர் உண்டெனின் இக்கருவியைக் கைவிடலாமே எனின், அது பொருந்தாது. துடிப்பின்றி மயங்குவார்க்கு வேறு வழியில்லை. ஆனால் எப்பொழுது இடுவது என்பதில் மருத்துவருலகின் கருத்து மாறியுள்ளது. பின்னர்த் தேவைப்படலாம் என எண்ணி முன்கூட்டியே பலர்க்குக் கம்பியிட்ட காலம் ஒன்றுண்டு. இன்று முதற்பணி, அடைபட்ட நாடியை விரைந்து திறத்தல். ஊதுகுமிழாலும் வலைக்குழாயாலும் நாடி திறக்கப்பட்டபின், மயங்கிய கணு தானே தெளிதல் பலரிடத்துக் காணப்படுவது. இடையே அற்றோபின் முதலிய மருந்துகளும், நெஞ்சின்மேல் ஒட்டும் மின்தகடுகளும் துணையாகும். அத்தகடுகள் வலி தருவன. தோலைச் சுடுதலும் உண்டு. எனவே அவை பாலம் கட்டும்வரை நிற்கும் தோணி போல்வன. மருந்துக்கு இணங்காது, துடிப்புக் குறைவால் இரத்த அழுத்தமும் நினைவும் தளர்வார்க்கே உட்கம்பி. அதுவும் தேவை தீர்ந்தவுடன் எடுக்கப்படல் வேண்டும்.

நிலையான கருவிக்கும் அவசரம் கூடாது. மாரடைப்பின்பின் குறைந்தது 5 நாட்களேனும் காத்திருந்து, மின்வழி மீளாதாயின் அதன்பின்னரே பதிக்கலாம் என்பது 2021இல் ஐரோப்பிய இதயவியற் சங்கம் வெளியிட்ட நெறி. காக்கும் நாட்கள் நீளுமென அறியின், தசையில் திருகி நிற்கும் முனையுடைய கம்பியை இடுதல் இடம்பெயர்வைக் குறைக்கும்.

உறவினர் கடமை

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காக வகுத்தார். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் மாத்திரம் போதா. உடனிருந்து பணிசெய்வோனும் அதன் ஒரு கூறென்றார். தற்காலிகத் துடிப்பூக்கி அந்நான்காவது கூற்றின் பெருமையை நன்கு விளக்குவது. கம்பியைச் செலுத்தல் அரை மணித்தியால வேலை. காத்தல் பல நாள் வேலை. அதனை இரவும் பகலும் செய்வோர் தாதியரே.

உறவினர் செய்யத்தக்கவை சில. ஒப்பமிடுமுன் மூன்று வினாக்களைப் பணிவுடன் கேட்கலாம்: எச்சுவரில் மாரடைப்பு? கம்பி எத்தனை நாளைக்கு எதிர்பார்க்கப்படுகின்றது? கம்பியிடாவிடின் நேர்வது யாது? இவற்றுக்குரிய விடையே ஒப்பத்துக்குப் பொருள் தரும். நோயாளியைத் தாமே தூக்கி இருத்தலும், பெட்டியை நகர்த்தலும், திருகுகளைத் தொடுதலும் ஆகா. மயக்கம், விக்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், கம்பியிட்ட இடத்தில் வீக்கம் ஆகிய ஆறனுள் ஒன்றைக் காணினும் காலந்தாழ்த்தாது தெரிவித்தல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முற்பட்ட கடமை ஒன்றுண்டு. நாடி அடைபட்ட நேரந்தொட்டு ஒவ்வொரு நிமிடமும் தசை இறந்துகொண்டிருக்கின்றது. நெஞ்சை அமுக்கும் வலி, இடக்கையிலோ தாடையிலோ பரவும் நோவு, காரணமற்ற வியர்வை, மூச்சிளைப்பு என்பன தோன்றின், அதனை வாயுக்குத்தென்று கூறிச் சுக்குநீர் அருந்திப் பொழுது புலரக் காத்திருத்தல் அறிவுடைமையன்று. நம் நாட்டில் 1990 என்னும் எண்ணுக்கு அழைப்பின் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். விரைந்து சென்றவர்க்கு நாடி விரைந்து திறக்கப்படும். நாடி விரைந்து திறந்தவருட் பலர்க்குக் கம்பியே தேவைப்படாது. இடர் நிறைந்த மருத்துவத்தினும், அதற்குத் தேவை நேராமற் காத்தலே மேலானது. பழைய மாணவர் இதனைத் தமக்கும், மாணவர் தம் இல்லத்து முதியோர்க்கும் எடுத்துரைப்பாராயின் இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.